அம்மாவின் முழங்காலும் முக்குக் கடை மாத்திரையும்

ஆன்லைனில் வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி. எங்கள் தெரு முக்கு மருந்துக்கடையில் 10 கேட்டாலே முகம் சுளிப்பார்கள். இருந்தும் அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாக எல்லாம் இங்கேதான் வாங்குகிறேன். காரணம், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபார்மசிஸ்ட் அம்மா.

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரியில் பையைக் கையில் கொடுத்து, "எல்லாம் சீட்டுல இருக்கு சார்" என்றார்கள். அவ்வளவுதான். நான்காம் நாள் டிரமடால் என்ற வலி மாத்திரை தீர்ந்தது. காலி அட்டையோடு முக்குக் கடைக்குப் போனால், சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார் அந்த ஃபார்மசிஸ்ட். எனக்குச் சுருக்கென்றது. ஹெச்1 பட்டியல் மருந்தாம், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத வகை. டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டுமாம். "அப்படியே அம்மா சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க."

கவரைக் கொட்டியதும்தான் கூத்து தெரிந்தது. பாராசிட்டமால் 650 மி.கி. மூன்று வேளை. டிரமடால் மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் 325, இரண்டு வேளை. போதாததற்கு, மூட்டுவலிக்கு வருஷக்கணக்காகப் போட்ட பழக்கத்தில், எனக்குத் தெரியாமல் அம்மா விழுங்கிக்கொண்டிருந்த அசிக்ளோஃபெனாக் அட்டையிலும் அதே 325. பாராசிட்டமால் மட்டுமே ஒரு நாளைக்கு 3 கிராம் பக்கம் போய்விட்டது. அதைவிட, ரத்தம் உறையாமலிருக்க ரிவராக்சபான் சாப்பிடுகிறவர் அசிக்ளோஃபெனாக்கும் சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம் என்றார். தானாக எதையும் மாற்றவில்லை. அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். பழைய அட்டை குப்பைக்குப் போனது.

பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மாத்திரை கொடுக்கச் சொன்னதும் அவர்தான். "வலி ஏறுன பிறகு போட்டா ஈடு கொடுக்காது சார்." டிரமடால் போட்டால் மலச்சிக்கல் வரலாமாம், இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் கேட்டால், நான்கு நாளாக அவதியாம். மகனிடம் இதையெல்லாம் சொல்வார்களா என்று அம்மாவுக்குக் கோபம் வேறு.

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. சந்தேகம் கேட்பதானால் மாலை 7 மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் கூட்டம். நிற்க முடியாதவர்களுக்கு ஒரே ஒரு ஸ்டூல்தான். அதிலும் பெரும்பாலும் ஓஆர்எஸ் டப்பா உட்கார்ந்திருக்கும்.