நேட்டும் சேபரும்: வான்சண்டையில் எது மேல்?

1965, 1971 போர்களில் இந்தியாவின் நேட் போர் விமானமும் பாகிஸ்தானின் சேபர் போர் விமானமும் நேருக்கு நேர் மோதின. இரண்டையும் போர்க்கருவிகளாக மட்டும் எடைபோட்டால், நேட்டுக்கு நம் நாட்டில் வழங்கும் ‘சேபர் கொல்லி’ என்ற பட்டத்தில் பாதி உண்மை, பாதி பெருமிதம் என்றே சொல்வேன்.

பிரிட்டனின் ஃபாலண்ட் நிறுவனம் வடிவமைத்து, பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த நேட்டின் பெரும்பலம் அதன் சிற்றுருவமே. இறக்கைகளின் அகலம் 7 மீட்டருக்கும் குறைவு; எடை சேபரின் எடையில் பாதிகூட இல்லை. ஆகவே ஏறுவதிலும் வேகத்தைச் சட்டென்று கூட்டுவதிலும் அது சேபரை முந்தியது. எதிரியைக் கண்ணால் தேட வேண்டியிருந்த அக்காலத்தில், சேபர் விமானி கவனிப்பதற்குள் நெருங்கிவிடவும் முடிந்தது. அதன் இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளின் குண்டுகள் சில பட்டாலே போதும். சேபரின் ஆறு அரை அங்குல இயந்திரத் துப்பாக்கிகள் அதே சேதத்தை விளைவிக்க, குறி தவறாமல் தொடர்ந்து சுட வேண்டும். ஆனால் அந்தப் பீரங்கிகள் சண்டையின் நடுவே அடிக்கடி சிக்கிக்கொண்டன. விமானியைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய குறை வேறில்லை.

சேபரும் எளிய இரையன்று. 1971இல் பறந்த, கனடாவில் தயாரான மார்க் 6 வகையில் ஆற்றல் மிக்க ஓரெண்டா எஞ்சினும், இறக்கையின் முன்விளிம்பில் தானாக விரியும் ஸ்லாட் மடல்களும் இருந்தன. குறைந்த வேகத்தில் இறுக்கமாக வட்டமிடும் சண்டைக்கு நேட்டை இழுத்துவிட்டால், தேர்ந்த சேபர் விமானியின் கை ஓங்கிவிடும். சில சேபர்கள் சைட்வைண்டர் ஏவுகணை ஏந்தின. நேட்டிடம் ஏவுகணையே இல்லை.

1971 நவம்பர் 22 அன்று, கிழக்கு பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) எல்லையை ஒட்டிய போய்ராவில் நான்கு நேட்டுகள் இரண்டு சேபர்களை வீழ்த்தியதைப் பலரும் சான்றாகக் காட்டுவர். தரைத் தாக்குதலில் முனைந்திருந்த சேபர்கள் மீது, தரைக் கட்டுப்பாட்டாளரின் வழிகாட்டலில் நேட்டுகள் பாய்ந்தன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதற்கு மாறாக, டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் ஆறு சேபர்களை எதிர்த்துப் போரிட்டு வீழ்ந்த நேட் விமானி நிர்மல்ஜித் சிங் செகோனின் சண்டையில் விமானத்தின் தரத்தைவிட எண்ணிக்கையே முடிவைத் தீர்மானித்தது.

தளத்துக்கு அருகே எழும்பி இடைமறிப்பதற்கு நேட்டையும், தொலைவு சென்று குண்டு வீசிவிட்டுச் சண்டையிட்டபடி திரும்புவதற்குச் சேபரையும் தேர்வேன். நேட்டின் எரிபொருள் கொள்ளளவு அவ்வளவு குறைவு. அந்தக் குறையைப் போக்க, இறக்கைக்குள்ளேயே எரிபொருளை நிரப்பும்படி மாற்றியமைக்கப்பட்ட அஜீத், போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து 1975இல்தான் முதன்முதலாகப் பறந்தது.