கூப்பன் மோசடிக்காரருக்கும் கொள்ளையருக்கும் ஒரே துப்பாக்கித் தடையா?

1995இல் பென்சில்வேனியாவில் ஒருவர் குடும்ப வருமானத்தைக் குறைத்துக் காட்டி அரசின் உணவுக் கூப்பன் வாங்கியதாக ஒப்புக்கொண்டார். தொகை 2,458 டாலர். அதைத் திருப்பிக் கட்டச் சொல்லி, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். சிறை கிடையாது. ஆனால் அந்தக் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை உள்ளே தள்ளலாம் என்று மாநிலச் சட்டத்தில் இருந்தது. அது போதும்; அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அவர் வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மீறினால் இப்போது 15 ஆண்டு வரை சிறை.

ஆயுதம் வைத்திருப்பது அமெரிக்க அரசியலமைப்பே தரும் உரிமை; அப்படியிருக்க இந்தத் தடை செல்லுமா? 2008இல் உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் தீர்ப்பு, 'நீண்டகாலத் தடை' என்று போகிற போக்கில் இதற்கு ஒரு முத்திரை குத்தியது. (வன்முறை இல்லாத குற்றங்களுக்கும் அது விரிந்தது 1961இல்தான்!) 2022இல் அதே நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்போ, எந்தத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கும் வரலாற்று மரபைக் காட்டு என்றது. அதிலிருந்து 'சர்க்யூட்' எனப்படும் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.

எட்டாவது சர்க்யூட்டின் வழி சுலபம்: குற்றம் குற்றமாகப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, தடை எல்லோருக்கும் செல்லும். 2025இல் ஒன்பதாவது சர்க்யூட்டின் விரிவு அமர்வும் (வழக்கத்தைவிடக் கூடுதல் நீதிபதிகள் அமர்வது) தடையை நிலைநிறுத்தியது. போலீசுக்கும் பொதுமக்களுக்கும் சட்டம் எதுவென்று குழப்பமில்லை. ஆனால் கூப்பன்காரரும் ஆயுதக் கொள்ளைக்காரரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். விதிவிலக்கு கேட்க ஒரு நிர்வாக வழி சட்டத்திலேயே உண்டு. 1992 முதல் காங்கிரஸ் அதற்குப் பணம் தராமல் முடக்கி வைத்திருந்தது. 2025இல்தான் நீதித்துறை அமைச்சகம் அதற்கு உயிர்கொடுக்கத் தொடங்கியது.

மூன்றாவது சர்க்யூட் நேர் எதிர். கூப்பன்காரர் ரேஞ்சின் வழக்கில் நீதிபதிகளின் வாக்கு 2023இல் 11-4, உச்ச நீதிமன்றம் திருப்பியனுப்பிய பிறகு 2024 டிசம்பரில் 13-2 என அவர் பக்கமே நின்றது. நாடு உருவான காலத்தில் பெருங்குற்றங்களுக்குத் தூக்கே உண்டே, தூக்கிலிடலாம் என்றால் துப்பாக்கியைப் பறிக்கக் கூடாதா என்று அரசு கேட்டது. தண்டனை முடித்து வெளியே வந்தவரின் ஆயுதத்தை ஆயுள் முழுக்கப் பறித்த மரபு எங்கே என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் தீர்ப்பு அவருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஆறாவது சர்க்யூட் 2024இல் வில்லியம்ஸ் வழக்கில் எடுத்த நிலை. கத்தோலிக்கர்களிடமும், அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர்களிடமும் ஆயுதம் பறித்த பழைய சட்டங்களை அது புரட்டியது. அங்கேகூட விசுவாசப் பிரமாணம் எடுத்தவர் ஆயுதத்தை வைத்துக்கொள்ள வழி இருந்தது. அதனால் தடை செல்லும், ஆனால் 'நான் ஆபத்தானவன் அல்ல' என்று நிரூபிக்க ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு வேண்டும். ஆளைத் தாக்கிய குற்றம் என்றால் நிரூபிப்பது மிகக் கடினம். போதைப்பொருள் கடத்தல், வீடு புகுந்து திருட்டு என்றாலும் சுலபமல்ல. வரி ஏய்ப்பு போன்றவை தப்பலாம். கொள்ளை வழக்குப் பின்னணி கொண்ட வில்லியம்ஸ் தோற்றார்.

சரி, இந்த வழியில் குறை? வில்லியம்ஸ் போல, பலர் இந்தக் கேள்வியை எழுப்புவது துப்பாக்கியோடு பிடிபட்டுக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போதுதான். தோற்றால் நேரே சிறை. கூப்பன்காரர் அப்படிப் போகவில்லை. துப்பாக்கி வாங்கும் உரிமை கேட்டு, உரிமையியல் வழக்குப் போட்டுத்தான் நீதிமன்றப் படி ஏறினார்.