மாஸ்டா எம்எக்ஸ்-5: பிளாஸ்டிக் பின்ஜன்னலை மாற்றிச் சில வருடங்கள் கழித்து

கூரைத் துணி நன்றாக இருக்கிறது, பின்ஜன்னல் மட்டும் மங்கிவிட்டது என்றால் முழுக் கூரையையும் மாற்ற வேண்டியதில்லை. துணிக்கூரையை மடக்கித் திறந்து ஓட்டும் இரண்டு சீட்டுக் கார்தான் எம்எக்ஸ்-5. 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை என்னுடையது. ஜன்னலை மட்டும் மாற்றினேன். முழுக் கூரைக்குக் கேட்ட விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

பழக்கத்தில் கண்ணாடி என்கிறோம், உண்மையில் அது பிவிசி என்கிற பிளாஸ்டிக் தாள், கூரையிலிருந்து திறந்து இறக்க ஜிப் வைத்திருக்கும். அதை வளைய வைக்கும் ரசாயனம் சிங்கப்பூர் வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். தாள் விறைத்து, மஞ்சளாகி, சுருங்கும். மாற்றுவதற்கு முன், மழை இரவில் பிஐஇ விரைவுச்சாலையில் போகும்போது பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்றே எனக்குத் தெரியாது, வெறும் வெளிச்சம்தான்.

காக்கி புக்கிட்டில் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். தைப்பவர் புதுக்கோட்டைக்காரர். சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தை விலக்கி, கூரையின் பின்விளிம்பைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பழைய தாளை அப்படியே அளவாக வைத்து வெட்டவில்லை. சுருங்கிய தாள் அளவில் தைத்தால் கூரையை மூடும்போது இழுத்துப் பிடிக்கும் என்று ஓரத்தில் கொஞ்சம் கூட்டி வெட்டினார். தாளிலும் ரகம் உண்டு. சுருளாக வருவதில் காட்சி நெளியும். அழுத்திப் பளபளப்பாக்கிய தட்டைத் தாள் தெளிவாக இருக்கும். நான் கேட்டது பின்னது, 0.75 மில்லிமீட்டர்.

முதல் பெருமழையிலேயே ஒரு மூலையில் ஊசித் துளை வழியாகக் கசிந்தது. திரும்பக் கொண்டுபோனேன், தையல் மேல் பசை தடவிக் கொடுத்தார். அப்புறம் டிசம்பர் மழைக்கும் ஒழுகவில்லை.

காரைக் கொடுக்கும்போது அவர் சொன்னது: “அண்ணே, ஜிப்பத் தொறக்காம கூரைய மடக்கிடாதீங்க. வெயில்ல மடிஞ்சு கெடந்தா அந்தக் கோடு போவவே போவாது.” அதைத்தான் பின்பற்றுகிறேன். ஜிப்பைத் திறந்து, ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு துண்டு விரித்த பிறகே கூரையை இறக்குவது. தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதில்லை, முதலில் தண்ணீர். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பக்கமே போவதில்லை. வீவக (அரசுக் குடியிருப்பு) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மொட்டைமாடித் தளம் எவ்வளவு காலியாக இருந்தாலும் கீழ்த்தளத்தில்தான் நிறுத்துவேன்.

இன்றைக்கு நடுப்பகுதி தெளிவு. கீழ்மூலையில் மட்டும் லேசான புகைமூட்டம். பிளாஸ்டிக் பாலிஷ் போட்டால் பாதி போகிறது.

இப்போது கவலை ஜிப்தான், அது பழையது. பல் போனால் முழுக் கூரையையே மாற்ற வேண்டி வரலாம். இரண்டாம் தலைமுறைக்கு வந்த நிஜக் கண்ணாடி வைத்த கூரை இதற்கும் பொருந்தும், மங்கும் தொல்லையும் இராது. ஆனால் கூரை மூடியிருக்க, பின்ஜன்னலை மட்டும் திறந்து நிழலில் காற்று வாங்கிக்கொண்டே ஓட்டுகிற சுகம் அதில் கிடைக்காது. அதனால் இன்னும் முடிவெடுக்கவில்லை.