அனாபொலிஸ் படகு எலக்ட்ரீஷியன்: மீட்டரை மாற்றாமலே தீர்ந்த கோளாறு

பழைய பாய்மரப் படகில் எஞ்சின் மீட்டர் தவறாகக் காட்டினால், புது மீட்டர் வாங்கிப் போடுங்கள் என்பதே பெரும்பாலோர் சொல்லும் முதல் யோசனை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ள அனாபொலிஸ் பகுதியில், படகுத்துறைக்கே வந்து வேலை செய்யும் ஓர் எலக்ட்ரீஷியன் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் முப்பதடிப் படகின் டீசல் எஞ்சின் பகலில் 180 டிகிரி பாரன்ஹீட்டில் ஒழுங்காக நின்றது; இரவில் பேனல் விளக்கைப் போட்டதும் வெப்பநிலை முள் 200ஐத் தாண்டியது, ஆயில் பிரஷர் முள்ளும் உடன் ஏறியது. இரண்டு முட்களும் சேர்ந்து நகர்கின்றன என்று கேட்டதுமே, மீட்டரில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு என்று அவர் தொலைபேசியிலேயே கூறிவிட்டார்.

நேரில் வந்தவர் முதலில் அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வு) உறையின் மீது காட்டினார். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் எஞ்சினின் உண்மையான சூடு மாறவில்லை. பிறகு, எஞ்சினின் சூட்டை உணர்ந்து மீட்டருக்குத் தெரிவிக்கும் சென்சாரின் வயரை மீட்டரிலிருந்து கழற்றியபோது முள் அடிக்கு இறங்கியது, அந்த முனையை எர்த்தில் தொட்டபோது உச்சிக்குப் போனது. ஆகவே மீட்டர் நன்றாகவே இருந்தது. அமெரிக்க வகைச் சென்சாரில் 100 டிகிரியில் ஏறத்தாழ 450 ஓம், 250 டிகிரியில் 30 ஓம் மின்தடை இருக்க வேண்டும் என்பதால் அதையும் அளந்து சரிபார்த்தார். கடைசியாக, விளக்கை எரியவிட்டு, மீட்டரின் எர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) வைத்தார். கிட்டத்தட்டப் பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

சென்சாருக்கு எஞ்சின் உடலே எர்த். மீட்டர்களும் விளக்குகளுமோ வேறொரு பொது எர்த் வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வயரில் தடை கூடியிருக்கும்போது விளக்கின் மின்னோட்டமும் அதன் வழியே பாய்ந்தால், மீட்டரின் எர்த் மட்டம் உயர்ந்து, சென்சாரின் தடை குறைந்துவிட்டதுபோல் தோன்றி, முள் ஏறுகிறது. எஞ்சினுக்குப் பின்னாலிருந்த, அந்த எர்த் வயரின் இணைப்பானைப் பிரித்துக் காட்டினார்: உள்ளே பச்சைக் களிம்பு. அதை வெட்டியெறிந்து, வெள்ளீயம் பூசிய செம்பு வயரை கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்திப் பிடித்து), சூடுபட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு இணைத்தார். சால்டரிங் செய்யாதது சரியான முடிவு. சால்டர் ஊறி விறைத்த இடத்தின் விளிம்பில்தான் அதிர்வில் வயர் ஒடியும்.

குறைகளும் உண்டு. பயண நேரத்துக்கும் வேலை நேரத்துக்கான அதே கட்டணத்தை வாங்குகிறார், எல்லோரும் படகை நீரில் இறக்கும் வசந்த காலத்தில் அவரைப் பிடிப்பது கடினம், ரசீதில் உதிரிப் பொருள்களின் விலை தனியாக இல்லை. ஆனால் பழுது நீக்குவதற்கு முன்னும் பின்னும் அளந்த வோல்ட் அளவுகளை அதே ரசீதில் எழுதித் தந்தார். இவ்வளவு ஒழுங்கை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

ஒரே ஒரு மீட்டர் மட்டும் தவறாகக் காட்டினால், சென்சார் வயரைக் கழற்றிப் பார்க்கும் சோதனையை நீங்களே செய்துவிடலாம், அதற்கு இவரை அழைப்பது வீண் செலவு. பல முட்கள் சேர்ந்து ஆடினால் அழையுங்கள். ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) மின்னோட்டம் முழுவதும் பேனலில் உள்ள ஆம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) வரை போய்த் திரும்புவது ஆபத்து என்பதையும் நாங்கள் கேட்காமலே அவர் சுட்டிக்காட்டினார். அந்த வயரை மாற்றும் வேலையையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.