சிஎச்341ஏ புரோகிராமர்: ஏர்பேக் மாட்யூல் வேலைக்கு வாங்கலாமா?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த யூஎஸ்பி புரோகிராமரை மதர்போர்டு பயாஸ் சிப் எழுதுவதற்கென்றுதான் பலரும் வாங்குகிறார்கள். மோதிய கார்களின் ஏர்பேக் மாட்யூலில் (ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) கிராஷ் டேட்டா, அதாவது மோதல் பதிவு, அழிக்கவும் இது போதும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். பாதி உண்மை. போர்டில் எட்டுக்கால் ஈஈப்ராம் (நினைவக) சிப் தனியாக இருக்கும் பழைய மாட்யூல்களுக்குத்தான் இது ஆகும். புதிய மாட்யூல்கள் பலவற்றில் மோதல் பதிவு மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வாங்குவதற்கு முன் மாட்யூலைத் திறந்து, 95160, 95320, 95640 என்று எழுதிய சிப் இருக்கிறதா என்று பாருங்கள்.

கறுப்பு நிற போர்டில் பெரிய குறை ஒன்று உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்துவிட்டு, டேட்டா கால்களில் 5 வோல்ட் தள்ளுகிறது. சிஎச்341ஏ சிப்பின் 28ஆம் காலைத் தூக்கி, அதற்கும் 9ஆம் காலுக்கும் 3.3 வோல்ட் இணைத்தால் இது சரியாகும். ஆனால் இந்த வேலைக்கு அதுவும் முழுத் தீர்வு இல்லை. எஸ்டி நிறுவனத்தின் 95640 சிப்பில் பின்னொட்டு டபிள்யூ இருந்தால் 2.5 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும். பின்னொட்டு இல்லாத பழையதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் உள்ள பச்சை போர்டு கொஞ்சம் விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்குங்கள்.

கூட வரும் சாஃப்ட்வேரை ஓரம் கட்டிவிட்டு ஆஸ்புரோகிராமர் (AsProgrammer) என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவது நல்லது. 95 வரிசையும் 25 வரிசையும் காலமைப்பில் ஒன்றுதான், சாக்கெட்டில் ஒரே பக்கம்தான் உட்காரும். ஆனால் 95640 இரண்டு பைட் முகவரி கேட்கும், 25 வரிசை ஃபிளாஷ் மூன்று பைட் கேட்கும். பட்டியலில் 25 என்று தேர்ந்தெடுத்தால் குப்பைதான் வரும். ஃபைல் அளவும் ஒரு சோதனை: 95160க்கு 2048 பைட், 95320க்கு 4096, 95640க்கு 8192.

சிப்பைக் கழற்றாமல் போர்டிலேயே கவ்விப் படிக்கும் கிளிப்பை நம்ப வேண்டாம். ஏர்பேக் போர்டின் மேல் ஈரம் புகாத வார்னிஷ் பூச்சு இருக்கும். கிளிப்பின் பல் அதைத் துளைக்காது. துளைத்தாலும் கிளிப் வழியாகப் போகும் மின்சாரம் மைக்ரோகண்ட்ரோலரையும் எழுப்பிவிட, இரண்டும் ஒரே கம்பியில் மோதிக்கொள்ளும். பூச்சைச் சுரண்டி, ஹாட் ஏரில் சிப்பைக் கழற்றி, அடாப்டரில் வைத்துப் படிப்பதே முறை. மூன்று முறை படித்து ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும், முழுக்க எஃப்எஃப் (FF, வெற்று) என்று வந்தாலும் எழுதாதீர்கள். முதலில் படித்த ஃபைல் எந்தக் காரணத்துக்கும் அழியக் கூடாது.

எந்த முகவரியை அழிப்பது என்பதை இந்தக் கருவி சொல்லாது. அது பார்ட் நம்பருக்குப் பார்ட் நம்பர் மாறும். ஹூண்டாயில் 95910, டொயோட்டாவில் 89170 என்று தொடங்கும் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்த, மோதாத மாட்யூலின் டம்ப்போடு (சிப்பிலிருந்து படித்த ஃபைல்) ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த டம்ப்பை அப்படியே எழுதிவிடுவது சோம்பேறி வழி. எத்தனை ஏர்பேக், எத்தனை பிரிடென்ஷனர் (சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி) என்ற கோடிங்கும் அதோடு வந்துவிடும். கார் வேறு வேரியண்ட் என்றால் ஏர்பேக் எச்சரிக்கை லைட் அணையாது. ஹூண்டாயில் ஸ்கேனரில் பி1762 (B1762) என்ற கோளாறு கோடு வந்தால் கோடிங் பொருந்தவில்லை என்று பொருள். அதைக் கம்பெனி ஸ்கேனரில் வேரியண்ட் கோடிங் செய்துதான் தீர்க்க வேண்டும். புது மாட்யூல் வாங்கிப் போட்டாலும் இதே வேலை உண்டு.

ஹூண்டாயில் பி1650 (B1650) மோதல் பதிவானதைச் சொல்லும் கோடு. அதற்காக இந்தக் கருவியை எடுக்கலாம். பி1620 (B1620) மாட்யூலின் உள்கோளாறு. மோதாத காரில் அது வந்தாலும், கூடு நெளிந்திருந்தாலும், தண்ணீர் புகுந்திருந்தாலும் பழையதைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் மோதல் சென்சார் சரியாக இருக்கிறதா என்று எந்த ஈஈப்ராம் புரோகிராமரும் சொல்லாது. வெடித்த பிறகு மாட்யூலையே மாற்று என்று சர்வீஸ் மேனுவல் சொன்னால் அதற்கு மேல் வாதம் இல்லை.

திரும்பப் பொருத்தும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும்: டொயோட்டாவுக்கு 90 விநாடி, ஹோண்டாவுக்கு 3 நிமிடம். மாட்யூல் மேல் உள்ள அம்புக்குறி காரின் முன்பக்கம் பார்க்க, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து ஏர்பேக்கின் ஓம் அளக்கவே கூடாது. அந்த மின்சாரமே வெடிக்க வைக்கலாம். ஏர்பேக் இருக்கும் இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டரைச் செருகி ஸ்கேனரில் பாருங்கள். கோடு போய்விட்டால் கோளாறு ஏர்பேக்கில். போகவில்லை என்றால் வயரிங்கிலோ கிளாக் ஸ்பிரிங்கிலோ (ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள சுருள் கேபிள்) தேட வேண்டும், மாட்யூலை மறுபடி கழற்றத் தேவையில்லை.