கொளத்தூர் முதல்வர் படைப்பகம்: ஐடி வேலை தேடுபவருக்கு எந்த அளவுக்கு உதவும்?

ஐடி நிறுவனமான டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அனுபவசாலிகளும் இப்போது புதிதாகக் கோடிங் டெஸ்ட் எழுதவேண்டிய நிலை. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் ஒரே அறை வீட்டில், மிக்சி சத்தத்துக்கு நடுவே அதை எழுதுவது கொடுமை. அவர்களுக்கு 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம், அதாவது கட்டணம் கொடுத்து உட்கார்ந்து வேலை பார்க்கவும் படிக்கவும் உள்ள பொது இடம், பெரிய ஆறுதல். தொடக்கத்தில் வைத்த கட்டணம் அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100. தனியார் இடங்களில் இந்த விலைக்கு ஏசி, இணையம், மேசை மூன்றும் கிடைப்பது அரிது. சென்னை மாநகராட்சி இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.

விண்ணப்பம் போட, படிக்க, பொதுக்கூடம் அருமை. வீடியோ நேர்காணலுக்கு மட்டும் அது ஒத்துவராது. வாய்விட்டுப் பேசினால் பக்கத்தில் படிப்பவருக்குத் தொந்தரவு. அதற்கு அங்கேயே உள்ள கூட்ட அறையை மணிக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில் தனியாக எடுக்க வேண்டும். கேமரா கண்காணிப்போடு நடக்கும் டெஸ்ட் என்றால் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இருக்கையாகப் பாருங்கள். பின்னால் ஆள் நடந்தால் இரண்டாவது முகம் என்று மென்பொருள் குறித்துக்கொள்ளும், நன்றாக எழுதிய டெஸ்ட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வைஃபை விட்டுப்போனால் சமாளிக்க மொபைல் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

அங்கே உட்காரும் முதல் ஒரு மணி நேரத்தை ரெஸ்யூமுக்கே கொடுக்கலாம். பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரிக்கும் வடிவமும் கட்டங்களும் வேண்டாம், நிறுவனங்கள் ரெஸ்யூம்களை வடிகட்டும் மென்பொருள் வரிகளைக் கலந்து படித்துவிடலாம். வேலை தேடும் தளமான நௌக்ரியில் நோட்டீஸ் காலத்தை (பழைய வேலையை விட்டு விலக ஆகும் நாட்களை) மாற்ற மறக்காதீர்கள். பழைய 90 நாள் அப்படியே கிடந்தால், உடனே சேரக்கூடிய ஆளைத் தேடும் ஹெச்ஆர் கண்ணில் உங்கள் பெயரே படாது.