நல்ல உகுலேலே: ஹொனலுலுவிலேயே வாங்குவதா, வீட்டுக்கு வந்து வாங்குவதா?

ஹவாயின் ஹொனலுலுவில், வைகீகி கடற்கரைப் பக்கத்தில் இருந்த ஓர் உகுலேலே கடைக்குள் போனபோது என் தோளில் ஏற்கெனவே ஓர் உகுலேலே தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன கிட்டார் மாதிரி நாலு தந்தி வாத்தியம். ஆறு வருடம் முன்பு 70 டாலருக்கு வாங்கிய ஒட்டுப்பலகை கான்சர்ட். (சோப்ரானோ, கான்சர்ட், டெனர் என்று உகுலேலேயின் அளவு ஏறும்.) கல்லாவில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, தந்தி மாற்ற வந்தீர்களா என்று கேட்டாள். இல்லை, ஒத்துப் பார்க்க எடுத்து வந்தேன் என்றேன். சிரித்தாள்.

சுவரில் இருந்த, ஹவாயின் கோஆ மரத்தில் செய்த டெனர் ஒன்றை இறக்கித் தந்தாள். ஒரு முறை வருடினேன், அவ்வளவுதான், கை தானாகப் பர்ஸைத் தேடியது. பிறகு அதே ஸ்டூலில் உட்கார்ந்து என் பழையதை வாசித்தேன். அதுவும் சிகாகோ வீட்டில் கேட்டதைவிட நன்றாகவே கேட்டது! மரத்தரை, நாலு பக்கமும் மரப் பெட்டிகள், சன்னல் வழியே கடல் காற்று, அலுவலக மின்னஞ்சல் பார்க்காத நாலு நாள் மனசு. ஜவுளிக்கடை விளக்கில் பார்த்த பட்டுப்புடவையை அம்மா வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பாரே, அந்த வேலையைத்தான் என் 70 டாலர் கட்டை செய்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் நிஜம். ஆனால் கடை சேர்த்துக் கொடுத்த இனிமையைக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் அந்த டெனருடையது.

ஆயிரம் டாலரைத் தாண்டிய உகுலேலே என்றாலே பேச்சு ஹவாயின் மூன்று பெயர்களில் வந்து நிற்கும். கமாகா, கோஅலோஹா, கனிலேஆ. மூன்றும் ஹொனலுலு இருக்கும் ஓஆஹு தீவில்தான். கமாகா 1916-இல் சாமுவேல் கமாகா தொடங்கியது, இன்றும் குடும்பத்தின் கையில். அன்னாசிப்பழ வடிவ உகுலேலே அவர் கொண்டுவந்ததுதான். ஹொனலுலு சவுத் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பட்டறையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். காது கேளாத கைவினைஞர்கள் பல்லாண்டுகளாக அங்கே வேலை செய்திருக்கிறார்கள். பலகையைத் தட்டி, விரல் நுனியில் வரும் அதிர்வை வைத்தே தடிமன் சரியா என்று சொல்லிவிடுவார்களாம். கோஅலோஹா 1995-இல் வந்தது, தலைப்பகுதி கிரீடம் போல இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். கனிலேஆ 1998, கானெஓஹே ஊர். என் காதுக்கு கோஅலோஹா சத்தமும் துள்ளலும், கனிலேஆ நீளும் நாதம், கமாகா பழைய வீட்டுக் கூடம் மாதிரி ஒரு கதகதப்பு. இன்னொருவர் காதில் இந்த வரிசை அப்படியே தலைகீழாகலாம். அதனால்தான் ஒரே நாளில் மூன்றையும் மடியில் வைத்துப் பார்ப்பதற்கு ஹொனலுலுவை மிஞ்சிய ஊர் இல்லை.

கேட்பதற்கு, சரி. வாங்குவதற்கு?

ஹொனலுலுவில் வாங்க வேண்டும் என்போர் முதலில் சொல்வது விலை. உற்பத்தியாகும் ஊர் என்பதால் மலிவாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கமாகா டெனர் ஹொனலுலு கடையில் என்ன விலையோ, அமெரிக்கப் பெருநிலத்துக் கடையிலும் ஏறக்குறைய அதே விலைதான். உண்மையான வித்தியாசம் வரியில் இருக்கிறது. ஓஆஹுவில் ரசீதில் சேர்வது 4.712 சதவீதம், சிகாகோவில் பத்துக்கும் மேல். 1,800 டாலர் வாத்தியத்துக்கு ஏறக்குறைய நூறு டாலர் மிச்சம். ஆனால் சிகாகோ இருக்கும் இலினாய் மாநில வருமான வரிப் படிவத்தில் ‘யூஸ் டாக்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, வெளி மாநிலத்தில் குறைத்துக் கட்டியதை அங்கே காட்டச் சொல்லி. பெரும்பாலோர் அந்தக் கட்டத்தைக் கண் மூடித் தாண்டுவது வேறு கதை. எப்படியும் நூறு டாலருக்காக முடிவெடுக்கும் விஷயமில்லை இது.

அடுத்தது தேர்வு. இங்கே ஹொனலுலு ஜெயிக்கிறது. கோஆ ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். (அதன் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று ஆஸ்திரேலிய பிளாக்வுட். வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் கொண்டுவந்து நட்ட சீகை வகைகளில் அதுவும் ஒன்று. ஊட்டிப் பக்கம் அடுப்பெரித்த விறகுக்கு ஹவாயில் இப்படி ஒரு பங்காளி இருப்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.) ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே பட்டறை என்றாலும் இரண்டு கோஆ பலகைகள் ஒன்றுபோல ஒலிக்காது. நான் பார்த்த கடையில் ஒரே மாதிரி டெனர் மூன்று இருந்தன. ரேகை அலையலையாக ஓடிய அழகான ஒன்றுதான் மூன்றிலும் மந்தம். விலை அதற்குத்தான் அதிகம். படத்தைப் பார்த்து ஆர்டர் செய்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

ஆனாலும் நான் அங்கே வாங்கவில்லை. காரணம், ஈரம்.

ஹவாய்க் காற்றில் ஈரப்பதம் வருடம் முழுக்க 60, 70 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். சிகாகோவில் ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் 20-க்கும் கீழே போய்விடும். ஒட்டுப்பலகை இல்லாத, முழுப் பலகை வாத்தியத்துக்குத் தேவை 45-இலிருந்து 55. ஈரம் போனால் பலகை ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். சுற்றிலும் ஒட்டி வைத்திருப்பதால் சுருங்க இடமில்லை. அப்புறம் வெடிப்பதுதான் வழி. இது எனக்குப் படித்துத் தெரிந்ததில்லை. இதற்கு முன்பு ஒரு ஜனவரியில், தள்ளுபடி என்று நடுத்தர விலையில் முழுமர உகுலேலே ஒன்றை வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்து ஹாலில் மாட்டி வைத்தேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. பத்தாம் நாள் ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனைகள் கழுத்தோரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறின. அதுதான் எச்சரிக்கை, எனக்குப் புரியவில்லை. இரண்டாவது வாரம் நடுராத்திரி ஹாலில் ‘டிக்’ என்றொரு சத்தம். காலையில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே முடி போல ஒரு கோடு. உள்ளே சின்ன மரத்துண்டுகள் ஒட்டிச் சரிசெய்ய 120 டாலர். கடைக்காரர் மேல் தப்பில்லை, முழுக்க என் தப்பு.

ஆகவே சிகாகோக்காரர்கள் டிசம்பர் விடுமுறையில் ஹவாய் போய், ஈரக்காற்றில் பிறந்த வாத்தியத்தை வாங்கி, நேரே பாலைவனக் குளிருக்குள் கொண்டுவருவதைப்போல மோசமான நேரத் தேர்வு வேறில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு இந்தக் கவலையில் பாதி கிடையாது. அவர் ஹொனலுலு போனால் தயங்காமல் வாங்கலாம். ஏசி அறையில் திறந்து போடாமல் பெட்டிக்குள் வைத்தால் போதும். ஊரைப் பொறுத்து விடை மாறுகிறது என்பதை விற்பவர் சொல்ல மாட்டார், அவருக்கு எல்லாரும் சுற்றுலாப் பயணிகள்.

கையில் எடுத்து வருவதில் சிக்கல் இல்லை. அமெரிக்க விமானங்களில், ஏறும்போது மேலடுக்கில் இடம் இருந்தால் சிறு இசைக்கருவியைக் கைப்பையாக ஏற்கத்தான் வேண்டும் என்று 2015-இலிருந்து விதி இருக்கிறது. டெனர் தாராளமாக நுழையும். முன்னதாக ஏறிக்கொள்ளுங்கள், அவ்வளவே.

இரண்டாவது வழி, உகுலேலே மட்டுமே விற்கும் சிறப்புக் கடையிலிருந்து வரவழைப்பது. ஓஆஹுவின் வடகரையில் ஹலேஇவாவில் இருக்கும் ‘தி உகுலேலே சைட்’ இதில் பேர்போனது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக வாசித்துப் பதிந்து வைக்கிறார்கள். நீங்கள் கேட்பதுதான் உங்களுக்கு வரும். என்றாலும் நல்ல மைக்கும் கைதேர்ந்த விரலும் சேர்ந்தால் எதுவும் இனிக்கும் என்பதை மறக்கக்கூடாது. பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். உங்கள் வீட்டில் இருப்பதோடு ஒப்பிட முடியாது.

இந்த வழியின் பெரிய லாபம் ‘செட்டப்’, அதாவது வாசிக்கத் தோதாகத் திருத்தி அனுப்புவது. பட்டறையிலிருந்து வரும் வாத்தியம், விலை என்னவானாலும், தந்தி உயரம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் எனக்குச் சுகம். மூன்றைத் தாண்டினால் விரல் வலிக்கும், மேல் ஸ்வரங்கள் கூடிப்போகும். இதைச் சரிசெய்து அனுப்பும் கடையும் பெட்டியை அப்படியே அனுப்பும் கடையும் ஒரே விலை சொன்னால், இரண்டும் ஒரே விலை இல்லை.

கர்நாடக இசைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு. உகுலேலேயின் திறந்த தந்திகள் ஜி, சி, ஈ, ஏ. சி ஒரு கட்டை. அதை ஸட்ஜமாக வைத்தால் ப, ஸ, க, த. ரிஷபம் ஒன்று சேர்ந்தால் மோகனம். தந்தியை மீட்டினாலே முக்கால் ராகம் கேட்கும் வாத்தியம் வேறென்ன இருக்கிறது! ஆனால் வழக்கமான ஜி தந்தி மேலே ஏறி நிற்கும் பஞ்சமம். மந்திர ஸ்தாயிக்கு இறங்க வேண்டுமானால் ‘லோ ஜி’, அதாவது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் ஜி தந்தி, போட வேண்டும். அது தடித்த தந்தி, தலைப்பக்கத்துக் காடியை அதற்கேற்ப அகலப்படுத்த வேண்டும். ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மடியில் வைத்து வீணை மாதிரி அசைத்து வாசிக்க ஆசைப்படுபவர்கள் டெனருக்குக் கீழே போக வேண்டாம். 17 அங்குலத் தந்தியிலேயே கமகம் கஞ்சத்தனமாகத்தான் வரும்.

மூன்றாவது, பழையது வாங்குவது. இதில்தான் எனக்கு மோகம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, நல்ல நிலையில் இருக்கும் கமாகாவோ கனிலேஆவோ புது விலையில் கால் பங்கு குறைந்து கிடைப்பது சாதாரணம். ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய வாத்தியம் என்றால் வெடிக்க வேண்டியது வெடித்திருக்கும், பிழைத்தது பிழைத்திருக்கும். இருட்டறையில் வாத்தியத்தின் ஒலித்துளைக்குள் சின்ன எல்இடி விளக்கைப் போட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெளிச்சம் நூலாகக் கசியும். குதிரையின் பின் விளிம்பில் காகித ஓரம் நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் ஒட்டு விடுகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த ஸ்வரமும், அதே இடத்தில் தொட்டும் தொடாமலும் எழுப்பிய நாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் வந்த வழியே திரும்பலாம்.

பழையதில் இன்னும் பழையது, மார்ட்டின். பென்சில்வேனியாவில் நாசரேத் ஊர்க் கம்பெனி, கிட்டார் செய்பவர்கள்தான். 1920-களின் மகாகனி சோப்ரானோ ஒன்றைக் கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இலேசாக இருக்கும், சத்தம் அறை நிறையும். சாதாரண ‘ஸ்டைல் 0’ புதுக் கமாகா சோப்ரானோவைவிட மலிவாகவே கிடைக்கும். வயலின் மாதிரி வெறும் பிரடைதான், சுருதி சேர்க்கப் பொறுமை வேண்டும். எனக்குத் தடையானது வேறொன்று. அந்தக் காலத்து மார்ட்டின்களில் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கக்கூடும். 1992-இலிருந்து சர்வதேச வணிகத்தில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மரம், எல்லை தாண்டினால் காகிதம் கேட்பார்கள். வருடாவருடம் மார்கழிக்கு ஊருக்கு எடுத்துப்போக நினைக்கும் எனக்கு அது ஒத்துவராது. கோஆவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தனியாகச் சொல்லிச் செய்வது நாலாவது வழி. நீண்ட காத்திருப்பு, முன்பணம், கைக்கு வரும்வரை எப்படி ஒலிக்கும் என்று தெரியாது. கழுத்து அகலம் முதல் எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு அது. எனக்கு இல்லை.

வாங்கும் காலம் என்று கேட்டால் என் கணக்கில் மே மாதம். ஹீட்டர் நின்றிருக்கும், அடுத்த குளிருக்கு ஆறு மாதம் இருக்கும், அதற்குள் வாத்தியமும் நீங்களும் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிடலாம். கடைத்தெருவில் தள்ளுபடி நவம்பரில்தான் வரும், ஆனால் கமாகா மாதிரிப் பெயர்களில் தள்ளுபடி அபூர்வம். வாசிக்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாதவர் எந்த மாதமும் வாங்க வேண்டாம். நானே முதல் வருடம் வாங்கியிருந்தால் கான்சர்ட் வாங்கியிருப்பேன், இன்று அது பெட்டியில் தூங்கும்.

ஹொனலுலுவில் இரண்டு மத்தியானம் செலவழித்து, கமாகா டெனர்தான், அலை ரேகை வேண்டாம், லோ ஜி என்று முடிவு செய்துகொண்டு வெறுங்கையோடு விமானம் ஏறினேன். கல்லாப் பெண்ணுக்கு ஏமாற்றம்தான், இரண்டு செட் தந்தி வாங்கிக்கொண்டேன். அடுத்த மே மாதம் சிகாகோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதே டெனரை விற்க வைத்திருந்தார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் 70 டாலர் கட்டையைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். விளக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று தயங்கிக் கேட்டதும், அவரே எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.